ஆறு வாரத்தில் நரம்பியல் வருமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. நான் ஒருவனே நரம்பியல் மருத்துவர். புறநோயாளிகள் ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது பேர் வருகிறார்கள். எனக்குக் கைகொடுக்க நிர்வாகம் இரண்டு பேரை நியமித்தது. ஒருவர் மருத்துவருக்குத் துணைநிற்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பை முடித்த இளைஞர், எலும்பு மருத்துவப் பிரிவில் இரண்டு ஆண்டு இருந்தவர். மற்றவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு ஆண்டு வேலை பார்த்த செவிலியர். ஆறு வாரம் ஆகிவிட்டது. இளைஞர் எந்த நோயாளியைப் பார்த்தாலும் உடனே ஒரு நோயின் பெயரைச் சொல்கிறார், பாதி தவறு. சிஸ்டர் வாயே திறப்பதில்லை. பழைய பிரிவுக்கே போய்விடுகிறேன் என்று போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டார். இவர்கள் தனியாக நோயாளிகளைப் பார்க்க எத்தனை மாதம் ஆகும்? நான் எதிர்பார்ப்பதுதான் அதிகமா?
– நரம்பியல் மருத்துவர், சேலம்

பதில்: அன்புள்ள தம்பி,

தொழிலில் மூத்தவன் என்ற உரிமையில் இப்படி அழைக்கிறேன். சிஸ்டர் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி எனக்குப் படிக்க ஓடவில்லை. இளைஞர் தவறாகச் சொன்னால் திருத்திவிடலாம். பார்த்ததை ஒருவர் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதைத் திருத்த வழியே இல்லை. இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில், நான் புதிதாக ஆலோசகராகச் சேர்ந்திருந்த காலம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தலைசுற்றலும் வாந்தியுமாக வந்து சேர்ந்தார். கட்டிலில் படுத்தபடியே பார்த்தேன். கை கால் பலம் சரியாக இருந்தது, பேச்சும் தெளிவு. பக்கவாதத்துக்கான என்.ஐ.எச். மதிப்பெண் பூஜ்யம். சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. காதுக் கோளாறால் வந்த தலைசுற்றல் என்று மாத்திரை எழுதிவிட்டேன். அன்றிரவு வார்டில் இருந்தது வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தபோது அவர் இடப்பக்கமாகவே சாய்ந்து விழுந்ததையும், கழிப்பறைக்குப் போக இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் மாலை அவர் நினைவு மங்கத் தொடங்கியது. சிறுமூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டு, அந்தப் பகுதி வீங்கி அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார். பழைய நடை திரும்பவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பலம் குறைந்தால் கூப்பிடு என்று சொன்னீர்கள் சார். பலம் குறையவே இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது சரி. படுத்திருப்பவரின் கை காலைத் தூக்கிப் பார்க்கும் அந்த மதிப்பெண் முறையில் நடையைப் பார்க்க இடமே கிடையாது. பின்மூளை அடைப்பு தொடக்கத்தில் சி.டி. ஸ்கேனுக்கும் அடிக்கடி தப்பிவிடும். இவையெல்லாம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தலைசுற்றல் என்று வந்தவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, நாலடி நடக்க வைத்துப் பார். முடியாவிட்டால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை எதிர்பார்த்தது என் குற்றம்.

அதன் பிறகு புதிதாக வருபவர்களிடம் முதல் ஆண்டில் நோயின் பெயரை நான் எதிர்பார்ப்பதில்லை. ஆபத்தைக் கண்டுகொண்டு, தயங்காமல் அழைத்து, என்ன பார்த்தார்களோ அதை அப்படியே சொன்னால் போதும். மற்றதெல்லாம் அதன் மேல் மெல்ல மெல்ல ஏறும். உங்கள் இருவரிடமும் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று, நரம்பியலுக்கான டி.எம். மூன்று. பதினொன்றரை ஆண்டு கழித்துத்தான் நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்தீர்கள். அவர்களுக்குக் கொடுத்திருப்பது ஆறு வாரம். இத்தகைய பணியாளர்களை முதலில் உருவாக்கியது அமெரிக்கா. 1965ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளிகளைத் தாமே பார்க்கும் உயர்பயிற்சிச் செவிலியருக்கான பயிற்சியும், டியூக் பல்கலைக்கழகத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட் பயிற்சியும் தொடங்கின. அங்கே இன்று முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டுத்தான் வருகிறார்கள். அப்படியிருந்தும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பின் கட்டாயப் பணிச்சுழற்சிகளில் நரம்பியல் கிடையாது. ஆக, எந்த நாட்டில் படித்து வந்தாலும் நரம்பியல் வாசலில் எல்லோரும் புதியவர்களே. அங்குள்ள பாடத்திட்டத்தைப் படித்துப் பயன்பெறலாம், தவறில்லை. ஆனால் அவர்கள் குறிப்பிடும் மாதக் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்காதீர்கள். அங்கே அவர்கள் மருந்து எழுதுகிறார்கள், பல மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே இயங்குகிறார். இங்கே துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் பிசிஷியன் அசிஸ்டென்டை ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சீட்டில் விழும் கையெழுத்தும் அதற்கான பொறுப்பும் உங்களுடையவை.

முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது? பெரும்பாலானவர்கள் அனிச்சைச் செயலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலில் தொடங்குவார்கள். நான் சொற்களில் தொடங்குவேன். நம் ஊர் நோயாளி சொல்வதை நோயின் மொழிக்கு மாற்றத் தெரியாதவருக்கு எந்தச் சோதனையும் உதவாது.

'நரம்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றால் அது ரத்தக்குழாய். நரம்பு சுளுக்கிக்கொண்டது என்றால் தசை. நரம்புத் தளர்ச்சி என்றால் கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, அலுப்பு, ஆண்மைக் குறைவு பற்றிய கவலை என்று எதுவும் இருக்கலாம். பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தோடு ஒரு பெரியவர் இரண்டு ஆண்டு நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் சாப்பிட்டுவிட்டு வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

'மயக்கம்' இன்னும் கடினம். நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம், தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், பசியில் சோர்ந்தாலும் மயக்கம். 'மரத்துப்போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் அது உணர்ச்சி இல்லாததா, தூக்க முடியாததா? அவரை டம்ளரைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்காமல் தெரியாது. உங்கள் இளைஞருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் நோயாளி சொன்ன சொல்லை இடப்பக்கம் எழுதட்டும். அடுத்த கேள்வியாகத் தான் என்ன கேட்டார், பிறகு அது என்னவாக வெளிப்பட்டது என்பதை வலப்பக்கம் எழுதட்டும். மூன்று மாதத்தில் அந்த நோட்டு எந்தப் பாடநூலும் தராததைத் தரும். என்னிடம் பயின்ற ஒருவர் 'கிறுகிறுப்பு' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

பக்கவாதத்திலும் கேள்வியின் வடிவம்தான் உயிரைக் காக்கிறது. "எப்போது வந்தது?" என்று கேட்டால் வீட்டார் தாங்கள் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள். "காலை ஐந்து மணிக்குப் பால் கறக்க எழுப்பினேன், வாய் கோணியிருந்தது" என்பார் மனைவி. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டால்தான், இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்பது வெளியே வரும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஐந்து மணியிலிருந்து எண்ணினால் காலம் இருப்பதுபோல் தோன்றும், பத்து மணியிலிருந்து எண்ணினால் அது எப்போதோ கடந்திருக்கும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கு வருவதற்குள் இந்தக் கேள்வியைத் தொலைபேசியிலேயே கேட்டு முடிக்க உங்கள் உதவியாளரால் முடியும். கூடவே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, எடை எவ்வளவு என்பதையும் கேட்டுவிடலாம். எடை எதற்கு என்றும் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கரைக்கும் ஊசியான அல்டிபிளேஸ் ஒரு கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி. காரணம் தெரிந்தவர் கேட்க மறக்கமாட்டார். வந்து இறங்கியதும் முதலில் விரல் நுனியில் சர்க்கரை. சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் விழும், பேச்சுக் குழறும்.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். அவர்கள் உங்களைக் கேட்காமலே செய்யக்கூடியவை ஒரு பத்தி. உங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டியவை ஒரு பத்தி. நீங்கள் நேரில் வராமல் செய்யவே கூடாதவை ஒரு பத்தி. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வார்டில் முன்கூட்டியே எழுதி வைத்த நிலையாணைப்படி, வலிப்பை நிறுத்தும் லோராசெபாம் மருந்தைக் கொடுத்துக்கொண்டே உங்களை அழைப்பது முதல் பத்தி. அங்கே உங்கள் அனுமதிக்காகக் காத்திருந்தால் மூளைக்குத்தான் நஷ்டம். வலிப்பு மாத்திரையின் அளவை மாற்றுவது இரண்டாம் பத்தி. கருத்தரிக்கும் வயதுப் பெண், கருவைப் பாதிக்கக்கூடிய வலிப்பு மாத்திரையான வால்ப்ரோயேட் சாப்பிடுவதைக் கண்டால் அன்றே உங்களிடம் சொல்வதும் அதில்தான் வரும். கரைக்கும் ஊசி, முதுகுத் தண்டுநீர் எடுப்பது, மூளைச்சாவு பற்றிய எந்தப் பேச்சும் மூன்றாம் பத்தி. இந்தத் தாளை நீங்கள் மட்டும் எழுதாதீர்கள், அவர்களை உட்கார வைத்துச் சேர்ந்து எழுதுங்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அப்போது தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் திருத்துங்கள். ஒரு பத்தியிலிருந்து இன்னொரு பத்திக்கு ஒரு வரி நகர்வதுதான் அவர்கள் வளர்ச்சியின் அளவுகோல்.

சுத்தியலுக்கு வருகிறேன். முதல் மாதம் நோயில்லாதவர்களைத் தட்டட்டும். காவலர், சமையல்காரர், துணைக்கு வந்த உறவினர் என்று சம்மதிப்பவர்களில் ஐம்பது பேர். இயல்பு எது என்று கை அறியாமல் இயல்பல்லாதது தெரியாது. கணுக்கால் அனிச்சைச் செயலில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். படுத்திருப்பவரின் முழங்காலை மடக்கி வெளிப்பக்கமாகச் சரிய விட வேண்டும். பாதத்தை ஒரு கையால் லேசாக மேல்நோக்கி ஏந்தி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் சுத்தியலை அதன் எடையிலேயே விழ விட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. கண் சுத்தியலைப் பார்க்காமல் கெண்டைக்காலைப் பார்க்க வேண்டும். இதை நீங்கள் ஒரு முறை செய்து காட்டினால் போதாது, அவர் மணிக்கட்டைப் பிடித்து விழ விடுங்கள். கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவி வசப்பட ஓர் ஆண்டுகூட ஆகலாம், அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இப்போது அந்த இளைஞர். எலும்புப் பிரிவில் இருந்தவருக்குப் படத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லும் பழக்கம் வருவது இயற்கை. அது அங்கே நல்ல பழக்கமும்கூட. நரம்பியலில் பெயருக்கு முன்னால் இடம் வர வேண்டும். மூளையா, முதுகுத் தண்டா, நரம்பு வேரா, நரம்பா, நரம்பும் தசையும் சேரும் இடமா, தசையா? இதைச் சொன்ன பிறகே பெயர் என்று ஒரு விதி வைத்துவிடுங்கள். இரண்டு காலும் விளங்காமல் வந்தவருக்கு அவர் உடனே ஜி.பி. சிண்ட்ரோம், அதாவது கை கால் நரம்புகள் வேகமாகச் செயலிழக்கும் நோய் என்றால், சிறுநீர் எப்படிப் போகிறது, முதுகில் வலி இருக்கிறதா, தொடு உணர்ச்சி எந்த மட்டத்தில் நிற்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். முதுகுத் தண்டு அழுத்தத்தை அவரே கண்டுபிடிப்பார். அந்தக் கண்டுபிடிப்பு அவருக்கு வாழ்நாள் முழுதும் நிற்கும். நோயாளியின் முன்னால் மட்டும் திருத்தாதீர்கள். தவறான பெயர் சொன்னதற்காகக் கூட்டத்தில் தலைகுனிந்தவர் அடுத்த முறை சரியானதையும் சொல்லமாட்டார்.

சிஸ்டர் விஷயத்தில் என் கருத்து திட்டவட்டமானது. அவரை விட்டுவிடாதீர்கள். எட்டு ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் மதிப்போடு இருந்தவர் திடீரென்று முதலாம் ஆண்டு மாணவி ஆகியிருக்கிறார். அவருக்குத் தெரியாததை மட்டுமே தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் யாராக இருந்தாலும் மௌனமாகிவிடுவார்கள். அவர் கையில் இருப்பது என்னவென்று ஒரு சம்பவத்தில் சொல்கிறேன்.

சேர்வராயன் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து முப்பது வயதுப் பெண்ணை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர், கடும் வயிற்றுவலியோடு எழுந்திருக்கிறார். வழியில் ஓர் இடத்தில் வயிற்றுப்புண்ணுக்கு ஊசி போட்டிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்த சிஸ்டரும் இப்படித்தான், தீவிர சிகிச்சையிலிருந்து நரம்பியலுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இமைகள் பாதி மூடியிருப்பதைப் பார்த்தார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். எட்டு மணிக்கு இருபத்தொன்று வரை போனது. எட்டரைக்குப் பதினான்கு. ஒன்பது அடிப்பதற்குள் ஒன்பதில் நின்றுவிட்டது. ஆக்சிஜன் அளவோ அப்போதும் 98 காட்டிக்கொண்டிருந்தது. புறநோயாளிகள் பகுதியில் இருந்த என்னை அழைத்தார். "என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை சார். ஆனால் மூச்சுத் தசை விழுந்துகொண்டிருக்கிறது. இப்போதே வாருங்கள்" என்றார். கட்டுவிரியன் கடி. பல்தடம் எங்கும் தெரியவில்லை, கட்டுவிரியனில் அது வழக்கம்தான். குழாய் போட்டு, விஷமுறிவு மருந்து கொடுத்து, மூன்று நாள் செயற்கை சுவாசம். அந்த நாட்களில் அவரால் கண்ணைக்கூட அசைக்க முடியவில்லை, பாவைகளும் விரிந்துவிட்டன. பார்ப்பவர் மூளை போய்விட்டது என்று முடிவு கட்டிவிடும் தோற்றம். சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு முறை திருப்பிப் படுக்க வைக்கும்போதும் பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டே செய்தார். குழாய் எடுத்த பிறகு அந்தப் பெண் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது என்றார்.

ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் விழும் என்பதைப் பாடமாகப் படித்த எத்தனையோ பேர் கருவியைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். உங்கள் சிஸ்டர் ஏமாறமாட்டார் என்று நம்புகிறேன். பூச்சிமருந்து குடித்து, பிழைத்துவிட்டார் என்று வார்டுக்கு மாற்றிய இரண்டாம், மூன்றாம் நாளில் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமல் போகும் நோயாளிகள், ஜி.பி. சிண்ட்ரோம், நரம்பும் தசையும் சேரும் இடத்தில் கோளாறு வரும் மயஸ்தீனியா என்று மூச்சு சம்பந்தப்பட்ட அத்தனையையும் அவர் பொறுப்பில் கொடுங்கள். அந்த விஷயத்தில் இளைஞருக்கு அவரே ஆசிரியராக இருக்கட்டும். தான் அறிந்த இடத்தில் காலூன்றியவர் அறியாத இடத்துக்கு நடந்து வருவார்.

மாதக் கணக்கு கேட்டீர்கள். என் அனுபவத்தில், முதல் மூன்று மாதம் அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு நோயாளியையும் நீங்களும் பார்க்க வேண்டும். மூன்றிலிருந்து ஆறுக்குள், வலிப்பு கட்டுக்குள் இருப்பவர்கள், பக்கவாதத்துக்குப் பின் மருந்துக்கு வருபவர்கள் போன்ற பழைய நோயாளிகளை அவர்கள் விசாரித்து எழுதி வைக்க, நீங்கள் சில நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம். மாத்திரை விட்டுப்போனதா என்பதோடு, விசைத்தறியில் நிற்பவரா, கிணற்றில் நீந்துபவரா, வண்டி ஓட்டுபவரா என்று கேட்க அவர்களுக்குத்தான் நேரம் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் புதிய தலைவலி நோயாளிகளை முதலில் அவர்கள் பார்க்கலாம். பிரசவமான சில வாரங்களில் வரும் தலைவலி, ஐம்பதைத் தாண்டி முதன்முதலாக வரும் தலைவலி, இடிவிழுந்தாற்போல் வந்த தலைவலி ஆகியவை மட்டும் எத்தனை மாதம் ஆனாலும் உடனே உங்களிடம் வர வேண்டும். ஓர் ஆண்டு முடிவில் உங்கள் புறநோயாளிப் பிரிவு நீங்கள் நினைத்தபடி ஓடும். 'தனியாக' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். நானும் சந்தேகம் வந்தால் இன்றைக்கும் ஒருவரை அழைத்துக் கேட்கிறேன்.

அதற்கு விலை உண்டு. இந்த மூன்று மாதம் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நோயாளிகளைக் குறைத்துக்கொண்டால்தான் கற்றுக்கொடுக்க முடியும். நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேளுங்கள். ஆள் கொடுத்துவிட்டோம், கூட்டத்தை ஏற்றுங்கள் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். தினமும் மதியம் அரை மணி நேரம், ஒரே ஒரு நோயாளி, அவர்கள் கை வைத்துப் பரிசோதிக்க நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். அறுபது பேரை ஓட ஓடப் பார்ப்பதில் அவர்கள் கற்பது குறைவு.

நாளைக் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே சிஸ்டரிடம் பேசுங்கள். அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, இந்த ஆறு வாரத்தில் நீங்கள் பார்த்தும் என்னிடம் சொல்லாமல் விட்டது என்ன என்று மட்டும் கேளுங்கள். பிறகு அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தாலும், அது வீண் அழைப்பாகவே இருந்தாலும், உங்கள் முதல் வார்த்தை "சொல்லுங்கள் சிஸ்டர்" என்று இருக்கட்டும். மூன்று பத்தித் தாளைச் சேர்ந்து எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அவர் எந்த வரியைச் சேர்த்தார் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.